மீண்டும் அதே வகுப்பில்

ஆண்டுத் தேர்வின் முடிவு தெரியும் நாளில் நம் இல்லங்களில் இருவகை ஓசைகள் எழுகின்றன. ஒரு வீட்டில் இனிப்பு வழங்கும் ஆரவாரம். அடுத்த வீட்டில் மூடிய கதவுக்குள் வசைமொழி. வசைமொழி ஓய்ந்த பின் தந்தை பெருமூச்செறிந்து, "போகட்டும், இன்னொரு வருடம் அதே வகுப்பில் இருந்து படிக்கட்டும், அப்போதாவது புத்தி வருகிறதா பார்ப்போம்" என்று தீர்ப்புக் கூறுகிறார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை அத்துடன் முடிந்தது. ஓராண்டுக் கட்டணமும் ஓராண்டுக் காலமும் நட்டம், அவ்வளவே. ஆனால் அறையின் மூலையில் தலைகுனிந்து நிற்கிறதே பிள்ளை, அதற்கு அப்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

பள்ளி சொல்வது ஒன்று. பிள்ளையின் செவியில் விழுவது வேறொன்று. "இவ்வாண்டுப் பாடங்களை நீ போதிய அளவு கற்கவில்லை" என்று பள்ளி சொல்லுகிறது. "நீ எதற்கும் உதவாதவன்" என்று பிள்ளை கேட்டுக்கொள்கிறது. முதல் வாக்கியம் பாடத்தைப் பற்றியது. இரண்டாவது ஆளைப் பற்றியது. முதலாவதை ஓராண்டு உழைப்பால் மாற்றிவிடலாம். இரண்டாவது உள்ளத்தில் ஆழப் பதிந்துவிட்டால் அதை மாற்றப் பல ஆண்டுகளும் போதா.

தன்மதிப்பு எங்கிருந்து வருகிறது?

தன்மதிப்பு என்றவுடன் சிலர் செருக்கை நினைத்துக்கொள்கின்றனர். செருக்கு வேறு, தன்மதிப்பு வேறு. "முயன்றால் என்னால் இயலும், நான் பிறருக்கு வேண்டியவன்" என்னும் இரு நம்பிக்கைகளும் சேர்ந்ததே தன்மதிப்பு. இவ்விரண்டையும் பிள்ளை தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. தாயின் முகத்திலும் ஆசிரியரின் பார்வையிலும் தோழரின் பேச்சிலும் தன் உருவத்தைக் கண்டு, "நான் இப்படிப்பட்டவன்" என்று அது முடிவு செய்கிறது.

பிள்ளைப் பருவத்தில் இந்த உருவத்துக்கு ஒரு பெயரும் உண்டு. முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் சிறுவனிடம் கேட்கும் இரண்டாவது கேள்வி என்ன? "பேர் என்ன?" என்பதற்கு அடுத்து, "என்ன படிக்கிறாய்?" என்பதுதானே? ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு என்பது நமக்கு ஒரு கணக்கு. சிறுவனுக்கோ அது தன் வளர்ச்சியின் உயரம். பிறந்தநாள் தோறும் சுவரில் கோடிட்டு உயரம் பார்ப்பது போல, ஆண்டுதோறும் வகுப்பு ஏறுவதில் அவன் தான் வளர்வதைக் காண்கிறான். ஓர் ஆண்டு அந்தக் கோடு உயராமல் நின்றுவிட்டால், தான் வளரவில்லை என்றே எண்ணுகிறான்.

ஜூன் மாதத்து முதல் நாள்

பள்ளி திறக்கும் முதல் நாளை அவன் நிலையில் நின்று எண்ணிப் பாருங்கள். எட்டு, ஒன்பது ஆண்டுகளாக உடன் நடந்தவர்கள் மாடிப்படி ஏறி அடுத்த வகுப்புக்குச் செல்கின்றனர். அவன் மட்டும் பழைய அறையின் வாயிலில் நிற்கிறான். உள்ளே இருப்பவர்கள் சென்ற ஆண்டு வரை அவன் "டேய், பொடியா" என்று அழைத்தவர்கள். உயரமானவன் என்று கடைசியில் 'மாப்பிள்ளை பெஞ்சில்' உட்கார வைக்கப்படுகிறான். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "நீ இங்கேதான் இருக்கிறாயா?" என்கிறார். அவர் கேலியாகச் சொல்லாமல் இருக்கலாம், வகுப்பு சிரித்துவிடுகிறது. அன்று மாலைக்குள் 'கோட்டடித்தவன்' என்ற பட்டம் நிலைபெற்றுவிடுகிறது.

வீட்டில் தம்பியோ தங்கையோ ஒரு வகுப்புக் கீழே படித்தால் துன்பம் இரட்டிப்பாகும். இதுவரை பாடம் சொல்லிக்கொடுத்த அண்ணன், இனித் தம்பியோடு ஒரே வகுப்பில் அமர வேண்டும். ஒரே வினாத்தாள், ஒரே மதிப்பெண் பட்டியல். விருந்துக்கு வந்த உறவினர் இருவரையும் பார்த்து, "இரண்டு பேரும் ஒரே கிளாஸா?" என்று கேட்டால் போதும், அவ்வீட்டில் அன்றைய சோறு ஒருவனுக்கு மட்டும் இறங்காது.

இந்த வேதனையை எல்லாப் பிள்ளைகளும் அழுது வெளிப்படுத்துவதில்லை. பெண் பிள்ளைகள் பலர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, தோழியரைத் தவிர்த்து, வீட்டு வேலைகளில் ஒளிந்துகொள்கின்றனர். ஆண் பிள்ளைகள் சிலர் எதிர்த்திசையில் செல்கின்றனர். 'மக்கு' என்ற பெயரைவிட 'முரடன்' என்ற பெயர் அவர்களுக்குக் கௌரவமாகப் படுகிறது. படித்துத் தோற்பதைவிடப் படிக்காமலே தோற்பது மேல். அப்போது "நான் படித்திருந்தால் தேறியிருப்பேன்" என்று சொல்லிக்கொள்ளவாவது இடமிருக்கும் அல்லவா? நாம் சோம்பல் என்று திட்டுவது பல வேளைகளில் எஞ்சியிருக்கும் தன்மானத்தைக் காத்துக்கொள்ள அவர்கள் போடும் வேலியே. இன்னும் சிலருக்குத் திங்கட்கிழமை காலைதோறும் வயிற்றுவலி வருகிறது. அது நடிப்பன்று, உண்மையான வலியே. அதன் வேர் மட்டும் வயிற்றில் இல்லை.

ஆய்வுகள் கூறுவன

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கவோரு யமமோட்டோ என்னும் உளவியலார், பள்ளிச் சிறுவரிடம் இருபது நிகழ்ச்சிகளைக் கொடுத்து, எது எவ்வளவு துன்பம் தரும் என்று மதிப்பிடச் சொன்னார். தாய் தந்தையரை இழத்தல், கண்பார்வை போதல் ஆகியவற்றுடன் முன்வரிசையில் அவர்கள் வைத்தது எது தெரியுமா? அதே வகுப்பில் நிறுத்தி வைக்கப்படுவதைத்தான். 2005-இல் வெளியான இதே போன்ற மற்றோர் ஆய்விலும், பெற்றோரை இழத்தலோடு சேர்த்துத் தலையாய துன்பங்களுள் ஒன்றாகப் பிள்ளைகள் இதைக் குறித்தனர். பெரியவர்களாகிய நாம் "ஒரு வருடம்தானே" என்று சொல்லும் காரியம் பிள்ளைகளின் தராசில் இத்தனை கனக்கிறது. வகுப்பில் நிறுத்தப்பட்ட சிறுவரை நேரில் கண்டு பேசிய டெபோரா பர்ன்ஸ் என்னும் ஆய்வாளரிடம், தாம் நிறுத்தப்பட்டதையே சொல்லாமல் மறைத்த பிள்ளைகளும் இருந்தனர்.

சரி, உள்ளம் நொந்தாலும் படிப்பாவது முன்னேறுகிறதா? 1989-ஆம் ஆண்டில் தாமஸ் ஹோம்ஸ் என்பார் இப்பொருள் குறித்த 63 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினார். அவற்றுள் 54 ஆய்வுகள், நிறுத்தப்பட்டவர்கள் தம்மையொத்த, ஆனால் மேல்வகுப்புக்கு அனுப்பப்பட்ட மாணவரைவிடப் பின்தங்கியே இருந்தனர் என்று காட்டின. நன்மை காட்டிய எஞ்சிய ஒன்பதில் பெரும்பாலானவற்றில் ஒரு பொது அம்சம் இருந்தது. அப்பள்ளிகள் பிள்ளையை வெறுமனே அதே வகுப்பில் உட்கார வைக்கவில்லை. குறையை முன்கூட்டியே கண்டறிந்து, தனிக் கவனமும் கூடுதல் பயிற்சியும் கொடுத்தன.

வயதும் முக்கியம். அமெரிக்காவின் சிகாகோ நகரம் 1996 முதல், தேர்வில் தேறாதவர்களை மூன்று, ஆறு, எட்டாம் வகுப்புகளில் நிறுத்தி வைத்தது. அதன் விளைவைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஆறாம் வகுப்பில் நிறுத்தப்பட்டதால் படிப்பைக் கைவிட்டோர் தொகை பெரிதாக மாறவில்லை; எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்களிடமோ அது கூடியது. வளர்ந்த பிள்ளைக்கு அவமானம் கனமாகிறது. வெளியேறும் கதவும் அருகில் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. 2003-ஆம் ஆண்டில் 'பிசா' என்னும் பன்னாட்டுத் தேர்வு எழுதிய 41 நாடுகளின் பதினைந்து வயது மாணவரைப் பற்றிய ஆய்வொன்று, ஒரு வகுப்பை மீண்டும் படித்தவர்கள் தம் கல்வித் திறனைப் பற்றிச் சற்று நல்லெண்ணமே கொண்டிருந்ததாகக் கண்டது. இது எப்படி? கேட்ட பாடத்தையே மீண்டும் கேட்கிறார்கள். தம்மினும் இளையவரோடு தம்மை ஒப்பிடுகிறார்கள். எனவே "எனக்கும் வருகிறதே" என்ற நிறைவு பிறக்கிறது. ஆகவே ஒரு வகுப்பை மீண்டும் படித்த பிள்ளைகள் எல்லாரும் உடைந்துவிடுவர் என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. பிள்ளையை முறிப்பது ஆண்டின் எண்ணிக்கை அன்று. அந்த ஆண்டை அதற்கு எப்படித் தருகிறோம் என்பதே. தண்டனையாகத் தந்தால் அது சுமை. உதவியோடு தந்தால் அது வாய்ப்பு.

சட்டம் கடந்து வந்த பாதை

நம் நாட்டில் இக்கேள்வி புதியதன்று. 1929-இல் ஹார்ட்டாக் குழு, பள்ளிக் கல்வியைப் பீடித்த இரு நோய்கள் என 'விரயம்', 'தேக்கம்' ஆகியவற்றைக் கூறியது. படிப்பை முடிக்காமல் இடையில் நிற்பது விரயம். ஒரே வகுப்பில் தங்கிவிடுவது தேக்கம். இரண்டாவது முதலாவதற்கு வழி வகுக்கும் என்பதை அனுபவம் காட்டிற்று. 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை நிறுத்தி வைக்காத முறை நீடிக்கும் என்றது. 2009-இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் நிறுத்தி வைக்கலாகாது என்று விதித்தது.

பின்னர் 2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்க்கு இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு நடத்த வேண்டும்; அதிலும் தேறாவிடில் நிறுத்தி வைக்க மாநில அரசுகள் அனுமதிக்கலாம். தமிழக அரசு அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத் தேர்வை அறிவித்து, எதிர்ப்புக்குப் பின் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2024 டிசம்பரில் மைய அரசு தன் பள்ளிகளில் அத்திருத்தத்தைச் செயற்படுத்தியது. தமிழகமோ, 2025 ஆகஸ்டில் வெளியிட்ட தன் கல்விக் கொள்கையிலும், எட்டாம் வகுப்பு வரை நிறுத்தி வைப்பதில்லை என்ற நிலையிலேயே நின்றது.

இதைக் கேட்டுச் சில பெற்றோர், "அதனால்தான் படிக்காமலே மேலே போகின்றன" என்று குறைப்படுவர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் தன்மதிப்பு மட்டும் நலமாகவா இருக்கும்? உரத்துப் படிக்கும் முறை தன்னை நெருங்கும்போதெல்லாம் அப்பிள்ளை படும் பாட்டை அதுவே அறியும். கற்பிக்காமல் நிறுத்தி வைப்பதும், கற்பிக்காமல் மேலே ஏற்றிவிடுவதும் ஒன்றே. முன்னது பிள்ளைக்குப் பழியைத் தருகிறது. பின்னது பழியைத் தள்ளிப் போடுகிறது. இரண்டிலும் கற்பித்தல் நடைபெறவில்லை.

நூற்றுக்கு நூறு

எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் சட்டத்தின் குடை சுருங்கிவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புதான் இன்று பல பிள்ளைகள் இடறிவிழும் இடம். "பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி" என்று வாயிலில் பலகை வைக்க விரும்பும் பள்ளிகள் சில, தேறுவது ஐயம் என்று தோன்றும் மாணவரை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுகின்றன. அல்லது சான்றிதழைக் கையில் கொடுத்து வேறு பள்ளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுகின்றன. அந்தப் பலகைக்கு வர்ணம் பூசப்படுவது யாருடைய மானத்தைக் கொண்டு? ஆடு மேய்ப்பவன் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற உவமையை ஆண்டவரிடம் கேட்டவர்கள் நாம். அந்த ஒன்றை வெளியே தள்ளிவிட்டு எஞ்சிய தொண்ணூற்றொன்பதை நூறு என்று எண்ணிக் காட்டும் பள்ளி எதுவாயினும், அது நம் பள்ளியே ஆயினும், பெற்றோர் பணிவோடும் உறுதியோடும் கேள்வி கேட்க வேண்டும்.

பத்தாம் வகுப்பில் தவறியவர்க்கு ஓராண்டை இழக்க வேண்டிய கட்டாயமே இல்லை. தவறிய பாடங்களை மட்டும் அவ்வாண்டிலேயே நடைபெறும் துணைத் தேர்வில் எழுதித் தேறி, மேல்வகுப்பில் சேரலாம். முடிவு வெளியான அன்றே இதைப் பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். "எல்லாம் போயிற்று" என்ற எண்ணம் ஓர் இரவுகூட அதன் நெஞ்சில் தங்கலாகாது.

ஆர்ஸ் ஊர்ப் பங்குக் குரு

பாடத்தில் தவறியவர்களுக்கு ஆறுதல் கூற நாம் வழக்கமாகக் கணித மேதை இராமானுஜத்தைக் காட்டுவோம். கணிதம் தவிரப் பிற பாடங்களைக் கவனியாமல் கல்லூரித் தேர்வில் தவறியவர் அவர். 1905-இல் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனபோது வீட்டைவிட்டே வெளியேறியவர். ஆயினும் மேதையின் கதை சாதாரணப் பிள்ளைக்கு எப்போதும் மருந்தாவதில்லை. "எனக்குக் கணிதமும் வராதே" என்று அது எண்ணக்கூடும்.

புனித வியான்னி அருளப்பரின் கதை இன்னும் நெருக்கமானது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வளர்ந்து, முறையான பள்ளிப் படிப்பின்றி வயலில் உழைத்த அவர், ஏறத்தாழ இருபது வயதில் எக்குல்லி என்னும் ஊரில் பலே அடிகளாரிடம் கற்க வந்தார். உடன் கற்றவர்கள் சிறுவர்கள். இலத்தீன் அவர் தலையில் ஏறவில்லை. உதவி செய்ய வந்த சிறுவன் ஒருவன் பொறுமையிழந்து அவரை அடித்ததாகவும் வரலாறு கூறுகிறது. 1813-இல் லியோன் குருமடத்தில் பாடங்கள் இலத்தீனில் நடந்தன. அவரால் தொடர இயலவில்லை. திருப்பி அனுப்பப்பட்டார்.

இங்கே பலே அடிகளார் செய்ததைக் கவனியுங்கள். "மீண்டும் அதையே படி" என்று அவரை விட்டுவிடவில்லை. தம் இல்லத்திலேயே வைத்து, அவருக்கு விளங்கும் தாய்மொழியில் பாடங்களைக் கற்பித்தார். தேர்வாளர்களிடம் பரிந்து பேசி, பிரெஞ்சு மொழியிலேயே அவரைச் சோதிக்கச் செய்தார். 1815 ஆகஸ்டு 13-ஆம் நாள் வியான்னி குருவானார். வியான்னியின் விடாமுயற்சியை நாம் புகழ்கிறோம். அதற்கு ஈடாகப் புகழத்தக்கது அவர் ஆசிரியரின் விடாத நம்பிக்கை. தோற்ற பிள்ளைக்குத் தேவை இன்னோர் ஆண்டு மட்டும் அன்று. இன்னொரு வழியும், உடன் நிற்கும் ஒரு மனிதரும் ஆகும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

முதலாவது, முதல் நாள் பேசும் சொல். கோபம் இயல்பே, ஆனால் சோறு போட்டபின் பேசுங்கள். "பாடத்தில் தவறிவிட்டாய், எங்களுக்கு நீ தவறிப்போகவில்லை" என்ற பொருள்பட ஏதேனும் சொல்லுங்கள். "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்ற சொல் உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் மறந்துவிடும், பிள்ளைக்கு மறப்பதில்லை. 'அடியாத மாடு படியாது' என்பது மாட்டைப் பற்றிய பழமொழி என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டாவது, காரணத்தைத் தேடுதல். கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா? காது சரியாகக் கேட்கிறதா? எழுத்துகளை மாற்றி மாற்றிப் படிக்கும் 'டிஸ்லெக்சியா' போன்ற கற்றல் குறைபாடு உண்டா? உரிய மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்தால், இத்தகைய பிள்ளைகளுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் முதலிய சலுகைகள் கிடைக்கும். குறை வீட்டிலேயே இருக்கவும் கூடும். இரவுதோறும் பெற்றோர் சண்டையிடும் வீட்டில் எந்தப் பிள்ளைக்குப் பாடம் ஏறும்?

மூன்றாவது, அதே ஆண்டை அதே விதமாகத் தராதிருத்தல். மீண்டும் அதே வகுப்பு என்று முடிவாகிவிட்டால், அவன் தவறியது எந்தப் பகுதியில், இவ்வாண்டு என்ன மாற்றம் செய்யப் போகிறோம் என்று ஆசிரியரோடு அமர்ந்து பேசுங்கள். வேறு பிரிவில் சேர்க்க இயலுமா என்று கேளுங்கள். பழைய கிழிந்த புத்தகத்தையே நீட்டாமல் புதிய குறிப்பேடுகளை வாங்கிக் கொடுங்கள். சிறிய காரியந்தான், ஆனால் 'புதிய தொடக்கம்' என்பதைப் பிள்ளை கையில் தொட்டுப் பார்க்கிறது.

நான்காவது, அவன் சிறந்து விளங்குவதைப் பறிக்காதிருத்தல். தேர்வில் தவறினான் என்று பந்தைப் பிடுங்கி வைப்பதும், பாடகர் குழுவிலிருந்து நிறுத்துவதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. அவன் தலைநிமிர்ந்து நிற்கும் ஒரே இடம் அதுவாக இருந்தால்? ஒரு கால் ஊனமானவனின் மறு காலையும் கட்டிவிடுவதா?

ஐந்தாவது, உறவினர் முன் பிள்ளையைக் காப்பது. திருமண வீட்டிலோ திருவிழாவிலோ யாரேனும் அதன் எதிரில் கேள்வி எழுப்பினால், பதில் சொல்லும் பொறுப்பைப் பெற்றோர் ஏற்க வேண்டும். "இந்த ஆண்டு நன்றாக முயன்று வருகிறான்" என்று தந்தை கூறும் ஒரு வாக்கியம், மகனுக்கு ஒரு கோட்டைச் சுவர்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. உண்ணாமை, உறங்காமை, ஓயாத தனிமை, "நான் இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவற்றைப் பிடிவாதம் என்று ஒதுக்காதீர்கள். உடனே அருகில் அமர்ந்து கேளுங்கள், தனியே விடாதீர்கள். தமிழகத்தில் 104 என்ற எண்ணிலும், நாடெங்கும் 14416 என்ற எண்ணிலும் இலவசமாக மனநல ஆலோசனை பெறலாம்.

பங்குகளும் வாளாவிருக்க வேண்டியதில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் மறைக்கல்வி அறைகள் எத்தனை! கல்லூரியில் படிக்கும் நம் இளைஞர் சிலர் வாரத்தில் இரு மாலைகளைத் தந்தால், கணக்கிலும் ஆங்கிலத்திலும் தடுமாறும் பிள்ளைகளுக்கு அவையே பலே அடிகளாரின் இல்லமாகும். அங்கு வரும் பிள்ளைகளுக்கு 'தவறியவர் வகுப்பு' என்று பெயர் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

பெற்றோரே, ஆசிரியரே! ஒரு வகுப்பு எத்தனை ஆண்டு நீடித்தாலும் என்றேனும் முடிந்துவிடும். அந்த வகுப்பறையில் பிள்ளை தன்னைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடமோ வாழ்நாள் முழுவதும் உடன் வரும். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திடுமுன், அதை நீட்டும் கையை ஒருமுறை பற்றிக்கொள்ளுங்கள்.